பேஸ் பத்தல மேடம்

முதல்ல காதுல சொருகி வச்சிருக்கறத எல்லாம் கழட்டி டேபிள் மேல வைங்க. தலைய ஆட்டிக்கிட்டே, நான் சொல்றதக் கேக்கற மாதிரி நடிக்கறவங்கள இந்தச் செஞ்சி பஜார்ல நான் நெறையப் பாத்துட்டேன். ரிட்டயர்டு ஆன பொம்பள, வீட்ல சும்மா இருக்க முடியாம வந்து நம்ம கழுத்த அறுக்குதுன்னு நெனைப்பீங்க. நெனைங்க. ஓனரு எல்லாருக்கும் டீயும் மசால் வடையும் சொல்லியிருக்காரு. அது வர்ற வரைக்குமாவது நீங்க எங்கயும் ஓட முடியாது.

லேப்டாப்ப எப்படிப் பிரிக்கறதுன்னு நான் சொல்லித் தரப் போறதில்ல. அதெல்லாம் நீங்க வீடியோ பாத்தே கத்துக்கிட்டு வந்துட்டீங்க. நான் ஒரு ஸ்க்ரூவத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள நீங்க மதர் போர்ட வெளில எடுத்து வச்சிடறீங்க. சந்தோசம். ஆனா அந்த வேகத்துல, எதிர்ல ஒக்காந்திருக்கற ஆள நிமிந்து பாக்கறதுக்கு உங்களுக்கு நேரமில்ல. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு மொரட்டு மனுசன், வாயில நல்ல வார்த்தையே வராது. அவரு ஒன்னு மட்டும் சொல்லுவாரு: "மெஷினு பொய் சொல்லாது. அதக் கொண்டாந்தவனும் பொய் சொல்ல மாட்டான். ஆனா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தப் பேச மாட்டாங்க." அப்ப எனக்குப் புரியல, அவரு டீ குடிக்காத கோவத்துல ஒளர்றாருன்னு நெனச்சேன்.

நம்ம ஊருக்குன்னு ஒரு பழக்கம் இருக்குது, உங்களுக்கே தெரியும். மெஷின நம்மகிட்ட விட்டுட்டுப் போக மாட்டாங்க. ஒரிஜினல உருவிக்கிட்டு டூப்ளிகேட்டப் போட்டுடுவாங்கன்னு பயம். கண்ணெதிர்லயே பிரிக்கணும், கண்ணெதிர்லயே மூடணும். அதுக்காகத்தான் நம்ம டேபிள் பக்கத்துல அந்த ஸ்டூலு கெடக்குது. அப்படியும் சந்தேகம் தீராதவங்க உண்டு. சீயமங்கலத்துலருந்து ஒருத்தரு, பொண்ணோட லேப்டாப்ப வீட்லயே தொறந்து, உள்ள இருக்கற ஒவ்வொரு பார்ட்டுலயும் அடையாளத்துக்குச் செவப்பு நெயில் பாலீஷ் வச்சிக் கொண்டாந்தாரு. ரேமுல வைக்கும்போது, ஓரத்துல போர்டத் தொடுமே, அந்தத் தங்கப் பல்லு மேலயே பூசிட்டாரு. ஸ்லோன்னு ஒரே ஒரு கம்ப்ளெய்ண்ட் இருந்த மெஷினு, இப்ப ஆனே ஆகல. "பாத்தீங்களா, நீங்க தொடறதுக்குள்ளயே போச்சு"ன்னு எங்களையே மொறைச்சாரு. நான் ஸ்பிரிட்டப் போட்டுத் தொடைச்சுக் குடுத்தேன். அவரு போறப்போ மறுபடியும் எல்லாத்தையும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் போனாரு.

இதக் கேட்டுட்டுச் சிரிக்காதீங்க, அந்த ஸ்டூலயும் எடுத்துடாதீங்க. சந்தேகப்படறது அவுங்க உரிமை. அதுவுமில்லாம, அந்த ஸ்டூல்ல ஒக்காந்திருந்ததாலதான் பிரகாஷ் விஷயம் எனக்குத் தெரிய வந்துச்சு. அதத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

பிரகாஷ் பனமலைப் பக்கம். மைக் செட்டுத் தொழிலு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எதுவா இருந்தாலும் அந்தப் பக்கத்துல அவன் பாக்ஸுதான் பாடும். மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே அவுங்க மாமனோட வண்டியேறிப் போயி, ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்துல பாய் விரிச்சுத் தூங்கின பையன். நான் சொல்ற சமயத்துல இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும். பாட்ட லேப்டாப்புல வெட்டி ஒட்டி, குத்து ஏத்தி, ரீமிக்ஸ் பண்ணுவான். கழுத்துல எப்பவும் ஒரு பெரிய ஹெட்போனு, ஓடற மாட்டுக்குக் கட்டற கட்டை மாதிரி தொங்கும். கடைக்குள்ள வந்ததும் வணக்கம் சொல்றானோ இல்லையோ, "பேஸ் பத்தல மேடம்"பான்.

பேஸுன்னா, பாட்டோட அடியில தும்முன்னு வந்து நெஞ்சுல இடிக்குமே, அது. மொத ஹெட்போனு நம்மகிட்டதான் வாங்கினான். ஒரு வாரம் சாமி வந்தவன் மாதிரி திரிஞ்சான். "கண்ணு முழியே அதிருது மேடம்"னு சொல்லி, கடைல இருந்த எல்லாரு காதுலயும் மாட்டி மாட்டிக் காட்டினான். ஒரு மாசம் போகல, திரும்ப வந்துட்டான். "இன்னான்னே தெரியல மேடம். குத்து கேக்குது, பாட்டு கேக்கல. போர்வைக்குள்ள படுத்துக்கிட்டுப் பாடற மாதிரி இருக்குது." நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க, அதவிடப் பெரிய குத்து இருக்கற ஒன்ன எடுத்துக் காட்டினாங்க. வாங்கினான். அதுக்கப்புறம் ஒன்னு வந்துச்சு, பேஸ் வரும்போது மண்டையே அதிரும். அதையும் வாங்கினான். காதச் சுத்தி வேர்க்குரு வந்ததுதான் மிச்சம். பாட்டு இன்னும் போர்வைக்குள்ளதான் இருந்துச்சு.

அப்புறம் பழிய லேப்டாப்பு மேல போட்டான். மெஷினு பழசு, அதான் சத்தம் தெளிவா வரலன்னு அவனே முடிவு பண்ணிட்டான். பழைய டிஸ்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடச் சொன்னான். அதப் போட்டா மெஷினு சீக்கிரம் தொறக்கும், பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். போட்டே ஆவணும்னான். போட்டதும் ஹெட்போன மாட்டிக் கண்ண மூடிக்கிட்டு, "இப்ப தெளிவா கேக்குது பாருங்க"ன்னான். கேக்காது. ஆனா புதுசா ஒன்னு போட்டா ரெண்டு நாளைக்கு எல்லாருக்கும் எல்லாம் தெளிவாத்தான் கேக்கும். நீங்களே போன் கவர மாத்திட்டு போனே வேகமா ஆயிடுச்சுன்னு சொல்ற ஆளுங்கதான். அதுக்கப்புறம் வெளில மாட்டற சவுண்டு கார்டு வாங்கினான். அதுவும் பத்தாம, ரேம டபுள் ஆக்கிடுங்க மேடம்னு வந்து நின்னான்.

அன்னைக்கு சனிக்கெழமை. கடை நெறைய கூட்டம். பிரகாஷ் ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிட்டு, தலைய மெஷினுக்குள்ளயே விட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தான். நான் புது ரேம சொருகி ஆன் பண்ணேன். ரேமு சரியா ஒக்காரலன்னா மெஷினு பீப் பீப்புன்னு கத்துமில்ல, கத்துச்சு. நல்ல கீச்சுக் கொரலு. பில்லு போட நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க. வாசல்ல வண்டி நிறுத்திக்கிட்டு இருந்தவரு எட்டிப் பாத்தாரு. பிரகாஷ் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு, "ஒரு சத்தமும் காணமே மேடம். செத்துப் போச்சா?"ன்னான்.

கிண்டல் பண்றான்னுதான் நெனச்சேன். ஆஃப் பண்ணிட்டு, வேணும்னே அப்படியே திரும்ப ஆன் பண்ணேன். திரும்பவும் கத்துச்சு. நான் மெஷினப் பாக்கல, அவன் மொகத்தப் பாத்தேன். ஒரு முழத் தூரத்துல கத்துது, அவன் கண்ணு கூட அசையல. எனக்குக் கட்டைக் கொரலு, நான் பேசறது அவனுக்கு நல்லாவே கேக்கும். அதனாலதான் இத்தன நாளா எனக்குத் தெரியாமப் போச்சு.

கவுண்டர்ல நம்ம ஆளு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே, "இன்னா பிரகாஷு, காது டமா..."ன்னு ஆரம்பிச்சான். "நீ போயி அந்த ஸ்பிரிட்டு பாட்டில எடுத்தா"ன்னு நான் ஒரு அதட்டு அதட்டினேன். ஸ்பிரிட்டு பாட்டிலு என் கையிலதான் இருந்துச்சு. அவன் என்னைப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டுப் போனான்.

ஏன் அதட்டினேன்னா, நம்ம பஜார்ல ஒரு வார்த்தை கீழ விழுந்தா, அது தானா நடந்து பஸ் ஸ்டாண்டு போயி, பஸ் ஏறி, நமக்கு முன்னாடி நம்ம ஊருக்குப் போய்ச் சேந்துடும். பிரகாஷுக்கு ஆவணில கல்யாணம் பேசியிருந்தாங்க. பொண்ணு பேரு மலரு, ஒரு ஸ்கூல்ல எல்கேஜி புள்ளைங்களுக்கு டீச்சரு. அவன் அந்தப் பொண்ணு பேரச் சொல்லும்போதே மொகமெல்லாம் பல்லா ஆயிடும். இன்னும் பத்திரிகை கூட அடிக்கல. "மாப்ளைக்குக் காது கேக்காதாமே"ன்னு ஒரே ஒருத்தி சொன்னாப் போதும், அத்தோட முடிஞ்சுது.

ரேம அழுத்தி ஒக்கார வச்சு, மெஷின மூடி, "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வா, ஒரு டெஸ்ட்டு பாக்கணும்"னு சொல்லி அனுப்பிட்டேன். வந்தான். கடைல ஆளில்ல. லேப்டாப்புல ஒரு சத்தத்த ஓட விட்டேன். அடிச் சத்தத்துல ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே போயி, கடைசில கொசு கத்தற மாதிரி ஆயிடும். கேக்கற வரைக்கும் கைய தூக்கியே வச்சிரு, நின்னதும் எறக்குன்னேன். பாதியிலயே எறக்கிட்டான். நான் அவன விட ரெண்டு மடங்கு வயசு ஆன பொம்பள, எனக்கு அதுக்கப்புறமும் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

"நின்னுடுச்சு மேடம்."

"நிக்கலப்பா. இன்னும் ஓடுது."

மெஷினப் பாத்தான், என்னைப் பாத்தான். "ஸ்பீக்கரு போயிருக்கும்"னான். அப்புறம் அவசரமா, "புது ஹெட்போனு ஒன்னு வந்திருக்குதாமே, அதக் கொஞ்சம் காட்டுங்க"ன்னான்.

"காட்ட மாட்டேன். உனக்கு நான் ஹெட்போனு விக்க மாட்டேன்"னு சொன்னேன். "உனக்கு பேஸ் பத்தலன்னு இல்ல தம்பி. பேஸு ஒன்னுதான் உன் காதுல மிச்சம் இருக்குது. மத்தது கேக்கலன்னு நீ சத்தத்த ஏத்தறே. ஏத்த ஏத்த இருக்கறதும் போவுது. விழுப்புரம் போயி காது டாக்டரப் பாரு."

கோவம் வந்துடுச்சு அவனுக்கு. எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனான், திரும்பி வந்து ஒக்காந்தான். "கல்யாணம் வச்சிருக்குது மேடம். ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம ஊர்க்காரன் எவனாவது நிப்பான், நிக்காம இருக்கவே மாட்டான். அப்புறம் எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? தாலி கட்டி முடியட்டும், அப்புறம் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அந்தப் பையன் அப்படிக் கெஞ்சி நான் பாத்ததில்ல. பாவமாத்தான் இருந்துச்சு.

ஓனருக்கு விஷயம் தெரியாது. விக்க வேண்டியத விக்காம கஸ்டமர வெரட்டறேன்னு அவரு எம்மேல கோவப்பட்டாரு. "அவன் பேரப் புள்ளைக்கும் நம்மகிட்டதான் சார் ஹெட்போனு வாங்கணும். அது வரைக்கும் அவனுக்குக் காது இருக்க வேணாமா"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல.

இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. கஸ்டமர் மெஷினுக்குள்ள பாத்தது கடைக்கு வெளில போகக் கூடாது. போட்டோ, மெசேஜு, யாரு யாருக்கு என்ன எழுதினாங்க, எதுவுமே நம்ம கண்ணுல படலன்னுதான் இருக்கணும். இதத்தான் வேலைக்குச் சேந்த மொத நாளே உங்களுக்குச் சொன்னேன். கஸ்டமரோட காது அந்த மெஷினுக்குள்ள வருமா, வராதா? சட்டுன்னு பதில் சொல்லாதீங்க. எனக்கு அத யோசிக்கறதுக்கு டயமே கெடைக்கல. அடுத்த வாரமே மலரோட நைனா கடைக்கு வந்துட்டாரு.

பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மாப்ளையப் பத்தி ஊர்ல விசாரிக்கறது நம்ம பக்கத்துல வழக்கம். டீக்கடையில கேப்பாங்க, சலூன்ல கேப்பாங்க. இப்ப அந்த வரிசையில லேப்டாப்பு கடையும் சேந்துடுச்சு. "பையன் எந்நேரமும் உங்க கடையிலதான் கெடக்கறான்னு சொன்னாங்கம்மா, அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்"னாரு. ஸ்டூல்லயே ஒக்கார வச்சேன். மனுசன் ரைஸ் மில்லுல மெஷின் ஓட்டறவரு. கொரலுன்னா கொரலு, ரகசியமா கேக்கறதா நெனச்சுக்கிட்டு அவரு பேசினது பஜாருக்கே கேட்டுச்சு.

"தண்ணி போடுவானா?"

"நான் பாத்ததில்லங்க."

"சீட்டு கீட்டு?"

"அவன் பாட்டுதான் கேப்பான். வேற எதுக்கும் அவனுக்கு நேரமில்ல."

"கைநீட்டற கோவம் உண்டா?"

"கோவம் வந்தா வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவான்."

திருப்தியா தலைய ஆட்டினாரு. அப்புறம் கிட்ட குனிஞ்சு, அதே சத்தத்துல, "ஒடம்புல ஏதாவது கொறை கிறை இருக்குதாம்மா?"ன்னாரு. சரியா அந்த நேரம் பாத்து, என் டேபிள் மேல பிரிச்சுப் போட்டிருந்த வேற யாரோட மெஷினோ பீப் பீப்புன்னு கத்த ஆரம்பிச்சுது. கடையே திரும்பிப் பாக்குது. அவரு திரும்பல. பதிலுக்காக என் வாயையே பாத்துக்கிட்டு, "சொல்லும்மா, இருக்குதா?"ங்கறாரு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது, ஆனா பதில் சொல்லியாகணும். இல்லன்னு சொன்னா, நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து, தெரிஞ்சும் ஏன் மறைச்சீங்கன்னு கேட்டா நான் மொகத்த எங்க வச்சுக்கறது? இருக்குதுன்னு சொன்னா, நம்பிக் கெஞ்சின பையனோட வாழ்க்கைய நானே முடிச்சு வைக்கறேன். நாலு பேரு கூட இருக்கும்போது அத நான் சொல்லக் கூடாது. அவனப் பத்தின சேதிய அவன்தான் சொல்லணும்.

"ஐயா, நீங்க பொண்ண எனக்கா குடுக்கறீங்க, அவனுக்குத்தான. இந்தக் கேள்விய அவன ஒக்கார வச்சுக் கேளுங்க. அவன் எப்படிப் பதில் சொல்றான்னு பாத்தாலே ஆளு எப்படின்னு தெரிஞ்சுடும்"னேன். ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு.

"அப்ப ஏதோ இருக்குது"ன்னாரு.

"எல்லார்கிட்டயும் ஏதோ இருக்குதுங்க. என் டேபிளுக்கு இதுவரைக்கும் நல்ல மெஷினுன்னு ஒன்னு வந்ததே இல்ல."

அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, பாதி மனசோட எந்திரிச்சுப் போனாரு. நான் ஒடனே பிரகாஷுக்குப் போன் போட்டேன். "உன் மாமனாரு வந்துட்டுப் போறாரு. நான் உன்னைக் காட்டிக் குடுக்கல. ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். அவரு அடுத்த தடவ என்கிட்ட வர்றதுக்குள்ள நீயே சொல்லிடு." ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கேக்கலையோன்னு நெனச்சு இன்னொரு தடவ சொன்னேன். "கேட்டுச்சு மேடம்"னு சொல்லி வச்சுட்டான்.

மறுநாளு கடைக்கு வந்து, மொதல்ல மலருகிட்டதான் சொல்லுவேன்னான். அதுவும் நம்ம கடையிலதான் சொல்லுவேன், நீங்க பக்கத்துல நிக்கணும்னான். ஒரு நாளு ஸ்கூல் விட்டதும் அந்தப் பொண்ணு வந்துச்சு. ஒல்லியா, சின்னதா, எங்கிட்ட "வணக்கம் மேடம்"னு சொன்னது அப்படியே குருவிக் கொரலு. எல்கேஜி புள்ளைங்களுக்கும் அதுக்கும் பேச்சுல வித்தியாசமே இருக்காதுன்னு தோணுச்சு. பிரகாஷ் கழுத்துல ஹெட்போனு இல்ல. அது இல்லாம அவன நான் பாத்ததே இல்லையா, யாரோ மாதிரி இருந்தான்.

"மலரு, எனக்கு வந்து, காது கொஞ்சம்..."ன்னு ஆரம்பிச்சவன் அத்தோட நின்னுட்டான். தரையப் பாத்தான்.

அந்தப் பொண்ணு அவன் மொகத்துக்கு நேரா வந்து நின்னு, அடித் தொண்டைல, ஆம்பளக் கொரலுல, "தெரியுங்க"ன்னுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. கையில இருந்த ஸ்க்ரூ டிரைவர கீழ போட்டுட்டேன்.

"தெரியுமா? எப்படி?"

"போன்ல நான் இன்னா கேட்டாலும் ம்ம்னுதான் சொன்னீங்க. நேத்து சாப்டீங்களான்னு கேட்டா ம்ம். எந்த ஊர்ல பங்ஷன்னு கேட்டாலும் ம்ம். எங்கம்மா வாங்கிப் பேசினா மட்டும் ஒழுங்கா பதில் சொன்னீங்க. எங்கம்மாவுக்குக் கட்டக் கொரலு. அப்புறம் நானும் எங்கம்மா மாதிரியே பேச ஆரம்பிச்சேன். தொண்டையே போச்சு எனக்கு. சளி புடிச்சிருக்குதுன்னு வீட்ல தெனமும் கஷாயம் வச்சுக் குடுக்கறாங்க, அதையும் குடிச்சுக்கிட்டு இருக்கறேன்."

நான் சிரிப்ப அடக்க முடியாம திரும்பிக்கிட்டேன். பிரகாஷுக்குச் சிரிப்பு வரல. "அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல?"ன்னான்.

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்"னுச்சு அந்தப் பொண்ணு.

அந்த ஒரு பேச்சுல எனக்கு அதப் புடிச்சுப் போச்சு. அப்புறம் அது எங்கிட்டத் திரும்பி, குருவிக் கொரலுலயே சொல்லுச்சு. "எங்க வீட்டுக்கு இது ஒன்னும் புதுசில்ல மேடம். நைனா ரைஸ் மில்லுல மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்தே நாங்க பேசறது பாதி அவருக்குக் கேக்காது. யாரும் அவருகிட்ட சொன்னதில்ல. டாக்டர்கிட்ட போலாம்னா, நான் என்ன செவிடனான்னு கத்துவாரு. அம்மாவும் நானும் அப்படியே பழகிட்டோம்." திரும்பவும் பிரகாஷ் பக்கம் திரும்பி, கொரல எறக்கிக்கிட்டு, "எனக்கு உங்களக் கட்டிக்கறதுல ஒன்னும் இல்ல. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நைனாவையும் கூட்டிட்டுப் போவணும். நான் கூப்ட்டா வர மாட்டாரு. எனக்கு பயமா இருக்குது, தொணைக்கு வாங்க மாமான்னு நீங்க கூப்டுங்க"ன்னுச்சு.

பிரகாஷ் போயி மாமனாரு முன்னாடி நின்னு எல்லாத்தையும் ஒடைச்சுச் சொன்னான். கத்திச் சொல்ல வேண்டியிருந்துச்சாம், அதனால அந்தத் தெருவுக்கே தெரிஞ்சு போச்சாம். அவரு, "அட, இவ்ளோதானா. நான் தண்ணி கிண்ணியோன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்கல"ன்னுட்டாரு. தொணைக்கு வாங்க மாமான்னதும், வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, காது கேக்காத மாப்ளைக்குக் காவலா வண்டில பின்னாடி ஏறி ஒக்காந்து விழுப்புரம் போனாரு மனுசன். வழியெல்லாம் பயப்படாதப்பான்னு இவனுக்குத் தைரியம் சொன்னாராம். அங்க பிரகாஷ் டாக்டர் காதுல போட்டு, இவருக்கும் சும்மா ஒரு டெஸ்ட்டு எடுக்க வச்சான். பேசன்ட்ட விட தொணைக்கு வந்தவருக்குத்தான் மோசம். போன சத்தம் திரும்ப வராது, இருக்கறதக் காப்பாத்திக்கணும், ஹெட்போன எடுத்து வச்சுடுன்னு பிரகாஷுக்குச் சொன்னாங்களாம். ரெண்டு பேருக்குமே காதுல வைக்கற மெஷினு எழுதிக் குடுத்தாங்க. அவரு மொதல்ல மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டாராம். மாப்ள வச்சுக்கிட்டதப் பாத்துட்டு அவரும் வச்சுக்கிட்டாரு.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நான் நிம்மதியா இருந்தேன். ஆடி பாதி போயிருக்கும், பிரகாஷ் மொகம் செத்துப் போயி கடைக்குள்ள வந்தான். "கெட்டுது மேடம். மாமா கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொல்றாராம். ஆவணி வேணாம், தையில பாத்துக்கலாம்ங்கறாராம். அப்ப சரி சரின்னு சொல்லிட்டு இப்ப யாரோ அவரு மனசக் கலைச்சிட்டாங்க. நீங்க சொல்லு சொல்லுன்னீங்க, சொன்னேன், இப்ப பாருங்க." எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பெரிய நியாயஸ்தி மாதிரி அந்தப் பையன உசுப்பி விட்டுட்டு, அவன் வாழ்க்கையக் கெடுத்துட்டேனேன்னு ஆயிடுச்சு. தண்ணி குடிக்கறியான்னுதான் கேட்டேன்.

அவன் போட்ட சத்தம் அடங்கறதுக்குள்ள அந்த மாமனாரே படியேறி வந்துட்டாரு. அவனத் தேடித்தான் வந்திருந்தாரு. காதுல மெஷினு இருந்துச்சு. பிரகாஷ் எந்திரிச்சு நின்னான், ஆனா அவரு மொகத்தப் பாக்கல. அவரு ஸ்டூல்ல ஒக்காந்து, கொஞ்ச நேரம் துண்டு நுனிய முறுக்கிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மெதுவா, நாம எல்லாம் பேசற மாதிரி மெதுவா, "ஏம்மா, எங்க மலரு பாடும்னு உனக்குத் தெரியுமா?"ன்னாரு.

"தெரியாதுங்களே."

"எனக்கும் தெரியாது. என் வீட்லதான் இருந்துச்சு இவ்ளோ வருசமும். பாத்திரம் தேய்க்கும்போது பாடுது, துணி காயப் போடும்போது பாடுது. ரொம்ப சன்னமா, தனக்குத்தானே பாடுது. அதோட அம்மாவக் கேட்டேன். சின்னப் புள்ளையிலருந்தே அப்படித்தான்னு சொல்லுது." கண்ணத் துண்டால தொடைச்சுக்கிட்டு, பிரகாஷப் பாத்தாரு. "ஆவணி இதோ வந்துடுச்சு மாப்ள. உன்மேல எனக்கு ஒன்னும் இல்ல. கொஞ்ச நாளு கேட்டுட்டு அனுப்பறேனே."

மண்டபத்துக்காரனுக்குச் சொல்லணும், பாத்திரக் கடைக்குச் சொல்லணும், ஊரு என்ன சொல்லும், எல்லாம் பிரகாஷ் மனசுல ஓடியிருக்கும். ஆனா அவரு பக்கத்துல வந்து, "தையிலயே வச்சுக்கலாம் மாமா"ன்னான்.